மலையேறும் காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்ற...

சேலம் அடிவாரத்தைத் தாண்டியதும் தொடங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற்காட்டுக்காரர்களுக்கு மனப்பாடம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஒவ்வொரு முறை சேலம் போய்த் திரும்பும்போதும் நம் கார் தன் எடையையும் நம் எடையையும் 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வருகிறது. டவுனிலிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் போல ஏறி, 1,623 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயில் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். உச்சிக் காற்று காதை அடைக்கும், பானெட் சுடும். அந்தச் சூட்டில் இரும்பை இரும்பு தின்னாமல் காப்பது அடியில் கிடக்கும் மூன்று நான்கு லிட்டர் ஆயில்.

எனக்கு வீடு நாகலூர் பக்கம். பல வருடமாக என் காருக்கு நானே ஆயில் மாற்றுகிறேன். கூலி மிச்சமாவது சின்ன லாபம். எந்த ஆயில் உள்ளே போனது, நட்டை எவ்வளவு முறுக்கினோம், பழைய ஆயில் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற மூன்றும் நமக்கே தெரிவது பெரிய லாபம். மூன்றாவது விஷயம் மலையில் குடியிருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் 18-வது குறிப்பைக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

1. கிலோமீட்டரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலான சின்ன பெட்ரோல் கார்களின் கையேட்டில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அது என்று இருக்கும். அதே கையேட்டில் 'கடுமையான உபயோகம்' என்று இன்னொரு பக்கமும் இருக்கும். யாரும் அதைப் புரட்டுவதில்லை. மலைப்பாதை, தூசி, அடிக்கடி குறைந்த தூர ஓட்டம், நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடுவது எல்லாம் அதில் வரும். ஏற்காட்டில் ஓடும் கார் இந்த நாலிலும் இருக்கிறது. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும்போது சக்கரம் சுற்றுவதைவிட இன்ஜின் பல மடங்கு சுற்றுகிறது. மீட்டர் அந்தக் கணக்கைக் காட்டாது. நான் 6,000 கி.மீ. தாண்டவிடுவதில்லை.

2. மாற்றுவதற்கு ஏற்ற காலம் தை, மாசி. மழை ஓய்ந்து, தரை காய்ந்து, காபி அறுவடை வேலையும் குறைந்திருக்கும். மே மாதத்தில் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும்போது மலைப்பாதையில் வண்டிகள் நத்தையாக நகரும். முதல் கியரிலேயே கால் மணி, அரை மணி என்று போகும். அந்தக் கூட்டத்துக்குள் பழைய ஆயிலோடு போவதைவிட, முன்னாலேயே புது ஆயிலோடு தயாராகிவிடுவது நல்லது.

3. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மூடுபனி மாதங்களில் வெண்ணெய் மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். வீட்டிலிருந்து டவுன், டவுனிலிருந்து வீடு என்று ஐந்து நிமிட ஓட்டமே ஓடினால் இன்ஜின் முழுதாகச் சூடாகாது; உள்ளே வேர்க்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கடைந்துகொள்ளும். ஒருநாள் சேலம் வரை போய் வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். கேஜ் கம்பியில் வரும் ஆயிலே பால் விட்ட காபி நிறத்தில் இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு. அது ஹெட் கேஸ்கெட் கோளாறாக இருக்கலாம். ஆயில் மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாமல் மெக்கானிக்கிடம் போங்கள்.

4. ஆயில் குறைவதைப் போலவே கூடுவதும் ஆபத்து. பிஎஸ்-6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். புகைபோக்கியில் இருக்கும் கரி வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட வேண்டும். டவுனுக்குள்ளேயே சுற்றும் வண்டியில் அந்த வேலை பாதியிலேயே நின்றுவிடும். அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் கலந்துவிடும். கேஜில் அளவு மேல்கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

5. எந்த ஆயில் என்பதைக் கையேடு சொல்லட்டும். கடைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ வேண்டாம். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், முன்னால் உள்ள எண் உறைகுளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது; பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை. ஏற்காட்டு மார்கழிக் காலை 13 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். நமக்குக் குளிர், ஆயிலுக்கு அது பெரிய குளிர் இல்லை. அதனால் 'மலைக் குளிருக்கு' என்று சொல்லி யாராவது கையேட்டில் இல்லாத இளக்கமான ஆயிலைத் தந்தால் வாங்காதீர்கள். 'மலையேற்றத்துக்கு' என்று கெட்டி ஆயிலைத் தந்தாலும் அப்படியே. புதிய இன்ஜின்களில் ஆயில் ஓடும் துளைகள் நுணுக்கமானவை. டீசல் வண்டியில் கரி வடிகட்டி இருந்தால் அதற்கென்று சாம்பல் குறைந்த ஆயில் உண்டு. கையேட்டில் சி2, சி3 என்று குறித்திருப்பார்கள். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

6. ஆயிலைப் பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீல், டப்பா அடியில் உள்ள தேதி, ஸ்கேன் செய்யும் கட்டம் மூன்றையும் கடையிலேயே பாருங்கள். போலி ஆயில் பழைய அசல் டப்பாக்களிலும் வருகிறது. அதனால் நீங்கள் காலி செய்த டப்பாவை முழுசாகத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றைப் பழைய ஆயில் ஊற்ற வைத்துக்கொண்டு, மற்றதைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

7. தேவையான சாமான்கள்: கையேடு சொல்லும் அளவுக்கு ஆயில், சின்ன கார் என்றால் மூன்று முதல் மூன்றரை லிட்டர் போதும். புது ஃபில்டர், டிரெயின் நட்டுக்குப் புது வாஷர், நட்டுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், ஃபில்டர் கழற்றும் பெல்ட் ஸ்பேனர், புனல், அகலமான தட்டு, ரப்பர் கையுறை, பனியன் வேஸ்ட் துணி, டார்ச். ஸ்பேனர் அளவு வண்டிக்கு வண்டி மாறும். முந்தின நாளே குனிந்து, நட்டில் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஓப்பன் ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும், வேண்டாம். தட்டு வாங்கத் தேவையில்லை. ஐந்து லிட்டர் கேனைப் படுக்கவைத்து, மேல் பக்கத்தை அறுத்துவிட்டால் அதுவே தட்டு. கேனின் வாய் வழியாகவே பிறகு வடித்து ஊற்றலாம்.

8. இனி இடம். மலையில் சமதளம் தேடுவது பெரிய வேலை. தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒரே சமதளம் காபி உலர்த்தும் களம். மட்டம் பார்த்துப் பூசிய சிமென்ட் தரை, நாலு பக்கமும் வெளிச்சம் என்று கார் வேலைக்கே போட்ட மாதிரி இருக்கும். அங்கே மட்டும் செய்யாதீர்கள். சிமென்ட்டின் கண்களில் இறங்கிய ஆயில் எத்தனை கழுவினாலும் வெயில் பட்டதும் மேலே வரும். காபிக்கொட்டை பக்கத்து வாடையை உறிஞ்சிக்கொள்ளும் சாமான். ஒரு சொட்டு ஆயில் நாற்றம் ஒரு மூட்டையின் விலையைக் கெடுத்துவிடும். வீட்டு முன் போர்டிகோ, அது இல்லாவிட்டால் வாசலில் மண்ணை வெட்டி மட்டம் செய்த இடம் போதும். கீழே பழைய தார்ப்பாய், அதன் மேல் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்துவிடுங்கள்.

9. உயரமான ஜீப், எஸ்யூவி வகை வண்டிகளுக்கு ஜாக்கியே வேண்டாம். படுத்தால் கை எட்டும். தாழ்ந்த கார்களுக்கு முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஸ்டெப்னியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும். அதை நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரம் ஏறினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. சரிவில் நிற்கும் காரை எந்தக் காரணத்துக்காகவும் தூக்க வேண்டாம். தூக்கிய பிறகு காரைக் கையால் பலமாக உலுக்கிப் பாருங்கள். அசையாவிட்டால்தான் அடியில் போக வேண்டும். வீட்டில் ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும்.

10. சேலத்திலிருந்து ஏறி வந்த சூட்டோடு ஆரம்பிக்காதீர்கள். அந்த நேரத்தில் ஆயில் 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மணிக்கட்டில் பட்டால் தோல் உரிந்துவிடும். முழுக்க ஆறிய ஆயிலும் சரியாக வடியாது. காலையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஆரம்பிப்பது அளவான பதம். அழுக்கு அப்போது ஆயிலோடு கலந்து மிதக்கும். வடியும்போது சேர்ந்தே வந்துவிடும். மேலே ஆயில் மூடியையும் கேஜையும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், காற்று போக.

11. அடியில் போனதும், இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்பில் இருக்கும் டிரெயின் நட்டைச் சரியாக அடையாளம் பாருங்கள். கியர்பாக்ஸுக்கும் அதே மாதிரி ஒரு நட்டு உண்டு. அதைத் திறந்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் ஏற்கெனவே இருப்பதோடு இன்னும் மூன்று லிட்டர் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கையேட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்பேனரால் இளக்கி, மீதியைக் கையால் சுற்றுங்கள். கடைசி இரண்டு மரைகளில் நட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றி, 'சட்'டென்று பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளுங்கள். ஆயில் நேராக விழாது. முதலில் ஒரு சாண் தள்ளிப் பாய்ந்து, போகப்போகத் தட்டின் நடுவுக்கு வரும். தட்டை அதற்குத் தகுந்த மாதிரி நகர்த்திக்கொண்டே இருங்கள். மலைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்தக் கம்பி மாதிரியான ஒழுக்கு வளைந்துவிடும். காற்று வரும் பக்கம் ஒரு அட்டையைத் தடுப்பாக வைத்துவிடுங்கள்.

12. வடிய இருபது நிமிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் பழைய ஆயிலைப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. கையுறை விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்து, வெயிலில் திருப்பிப் பாருங்கள். கறுப்பு நிறம் மட்டும் தவறு இல்லை. டீசல் வண்டியில் புது ஆயில் நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியை இழுத்து வைத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைகளில் ஒன்று. பொடி ஜிகினா மாதிரி மின்னினால் உள்ளே ஏதோ தேய்கிறது. நட்டின் உள்முனையைத் துடைத்து அதையும் பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது வழக்கம். நகத்தில் இடறும் அளவுக்குத் துகள் இருந்தால் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் ஆயிலைப் பிடித்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது நன்றாகப் பேசும்.

13. நட்டின் வாஷர் செம்பிலோ அலுமினியத்திலோ இருக்கும். ஒருமுறை நசுங்கி அடைத்துக்கொள்வதற்காகச் செய்தது. விலை சில ரூபாய். பழையதைத் திருப்பிப் போட்டு, ஒழுகுகிறது என்று மேலும் மேலும் முறுக்கித்தான் பலர் அலுமினிய சம்பின் மரையைக் கெடுக்கிறார்கள். புது வாஷர் போட்டு, முதலில் கையாலேயே கடைசி வரை சுற்றுங்கள். தடுமாறினால் கழற்றி மறுபடி போடுங்கள். பிறகு ஸ்பேனர். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டின் அளவு; இல்லாவிட்டால் ஸ்பேனரை நடுவில் பிடித்து, மணிக்கட்டின் பலத்தில் இறுக்கினால் போதும். காலால் மிதிப்பது, பைப் மாட்டி இழுப்பது இரண்டும் கூடாது.

14. ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அவசரமாகச் சேலம் போக வேண்டியிருந்ததால், மாலை வெளிச்சம் போன நேரத்தில் ஆயில் மாற்றினேன். பழைய வளையம் மேலேயே ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் புது ஃபில்டரைப் போட்டுவிட்டேன். வீட்டு வாசலில் ஓடவிட்டபோது ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இறக்கத்தில் 60 அடி பாலத்தை நெருங்கும்போது ஆயில் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடி. ஓரங்கட்டி நிறுத்திப் பார்த்தால், இரட்டை வளையம் பிதுங்கி, வந்த வழியெல்லாம் தாரில் கறுப்புக் கோடு. பின்னால் இரு சக்கர வண்டியில் யாராவது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. இறங்கி நடந்து, அந்தக் கோட்டின் மேல் ஓரத்து மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வண்டியை இழுத்துப் போக ஆள் கூப்பிட்டேன். அன்றிலிருந்து விளக்கு வைத்த பிறகு இந்த வேலையைத் தொடுவதில்லை. கழற்றிய ஃபில்டரின் வளையத்தை விரலால் தொட்டு உறுதி செய்யாமல் புதியதைக் கையில் எடுப்பதும் இல்லை.

15. புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். உட்காரும் இடத்தைத் துணியால் துடையுங்கள். வளையம் தொட்ட இடத்திலிருந்து கையால் முக்கால் சுற்று. பெல்ட் ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும். பழைய ஃபில்டர் இறுகிப்போய்க் கழலாவிட்டால், ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருகுவது கடைசி வழி. தகடு கிழிந்தால் பிடி கிடைக்காது. முதலில் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

16. ஊற்றும்போது சொன்ன அளவை ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். மூன்றரை லிட்டர் என்றால் மூன்று ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டுக் கேஜ் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அடியில் டார்ச் அடித்து நட்டையும் ஃபில்டரையும் பாருங்கள். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, காரைச் சமதளத்தில் இறக்கிய பிறகு கடைசிக் கேஜ். இரண்டு கோடுகளுக்கு நடுவில், மேல்கோட்டை ஒட்டி இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு வழவழப்பு கிடையாது. கீழ்க்கோட்டில் விடுவதும் மலைக்கு ஆகாது. கொண்டை ஊசியில் வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். சமவெளியில் மாதக்கணக்கில் தெரியாத குறை இங்கே முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

17. சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், பரவத்தான் செய்யும். மரத்தூளோ காய்ந்த காபித் தொலியோ தூவி, கால் மணி விட்டுப் பெருக்குங்கள். அந்தத் தூளை எருக்குழியில் சேர்க்காமல், துணிகளோடு ஒரே பையில் கட்டுங்கள். கையில் பட்டிருந்தால் பெட்ரோலால் கழுவ வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, காபி வடிகட்டிய சக்கையைச் சோப்போடு சேர்த்துத் தேயுங்கள். நக இடுக்கு வரை போகும், வாடையும் போகும். எங்கள் வீட்டில் ஆயில் மாற்றும் நாளில் காபிச் சக்கையை யாரும் செடிக்குப் போடுவதில்லை. இன்னொன்று, வேலை நடுவில் எழுந்து போனால் டப்பா மூடிகளை இறுக்கிவிட்டுப் போங்கள். குரங்குகள் திறந்த டப்பாவைக் கவிழ்க்க அரை நிமிடம் போதும்.

18. பழைய ஆயில். நம் பக்கத்தில் இதற்குப் பல உபயோகம் சொல்வார்கள். கரையானுக்கு வேலிக் கம்பத்தில் பூசுவது, பாதையில் புல் முளைக்காமல் ஊற்றுவது, வெந்நீர் அடுப்பில் விறகோடு எரிப்பது. எல்லாமே பழகிய வழக்கங்கள். பெரியவர்கள் செய்ததைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் இனி செய்யக் கூடாது. ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகப் பொடியும், எரிபொருள் எரிந்த நச்சுகளும் கலந்திருக்கின்றன. தோலில் நாள்பட ஊறினால் புற்றுநோய் வரை போகும். ஒரு காரின் பழைய ஆயில், ஏறக்குறைய நாலு லிட்டர், 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழிவது கிளியூர் அருவியாக விழுகிறது. மலைக் கிராமங்களில் ஊற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்து குடிக்கிறார்கள். திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் இந்த மலைத்தொடரில் பிறந்து, கீழே ஊர்களைத் தாண்டிப் போய்க் காவிரியில் கலக்கின்றன. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போனால், சேர்வராயனுக்குப் பக்கத்தில் இருப்பவள் காவேரி அம்மன். அந்தக் குகை காவிரி வரை போகிறது என்பது இங்குள்ள மக்களின் நம்பிக்கை. குகை போகிறதோ இல்லையோ, தண்ணீர் போகிறது. நம் வாசல் மண்ணில் ஊற்றும் ஆயிலும் அதே வழியில் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். வடித்த ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடுங்கள். பழைய ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வைத்தால் அதிலிருந்தும் ஒரு டம்ளர் வரும், அதையும் சேருங்கள். கூலன்ட், பிரேக் ஆயில், மண்ணெண்ணெய், தண்ணீர் எதையும் அதில் கலக்க வேண்டாம். கலந்தால் சுத்திகரிக்க ஆகாது. டப்பாவின் மேல் 'பழைய ஆயில்' என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, அடுத்த முறை சேலம் போகும்போது பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரிலோ ஒர்க் ஷாப்பிலோ கொடுங்கள். கொடுக்கும் முன், யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு என்றால் கொடுக்கலாம். அடுப்பெரிக்க விற்கிறோம் என்றால் வேறு கடை பாருங்கள். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் சேர்ந்திருக்கிறது. ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கே பழையதை மறுசுத்திகரிக்கும் பொறுப்பைக் கொடுத்து 2023-ல் வந்த விதி, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆயிலின் அடிப்படைச் சரக்கு தேய்ந்து போவதில்லை. அழுக்கேறுகிறது, சேர்மானங்கள் தீர்ந்துபோகின்றன, அவ்வளவுதான். சுத்தம் செய்தால் மறுபடி ஆயிலாகும். மண்ணில் கொட்டினால் எதற்கும் ஆகாது.

19. வாரண்டி இருக்கும் வண்டியை, இலவச சர்வீஸ் முடியும்வரை கம்பெனி சர்வீஸுக்கே விடுங்கள். அதன் பிறகு நீங்களே செய்தாலும் ஆயில், ஃபில்டர் பில்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

20. பைக், ஸ்கூட்டருக்குக் கார் ஆயில் மிச்சத்தை ஊற்ற வேண்டாம். கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச்சும் அதே ஆயிலில் மூழ்கியிருக்கும். கார் ஆயில் பட்டால் வழுக்கும். ஏற்றத்தில் இன்ஜின் இரைச்சல் போட்டுக்கொண்டு வண்டி நகராமல் நிற்கும்.

21. ஒரு பழைய நோட்டில் தேதி, கிலோமீட்டர், ஆயில் வகை, ஊற்றிய அளவு, பழைய ஆயிலில் பார்த்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். பாதியில் எவ்வளவு ஊற்றி நிரப்பினோம் என்பதையும். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு குடிக்கிறது என்ற கணக்கு இரண்டு வருடத்தில் கூடிக்கொண்டே போனால், எந்தச் சத்தமும் புகையும் வருவதற்கு முன்பே இன்ஜினின் நிலைமை தெரிந்துவிடும்.

22. அன்று இரவு காரின் அடியில், இன்ஜினுக்கு நேர் கீழே பழைய செய்தித்தாள் விரித்து நாலு மூலையிலும் கல் வையுங்கள். காலையில் பனியால் தாள் நமத்திருக்கும், பரவாயில்லை. ஈரம் பட்ட இடம் சாம்பல் நிறமாகக் காய்ந்துவிடும், ஆயில் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஊடே தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒரு புள்ளியும் இல்லை என்றால் கேஜை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அடிவாரத்துக்கு இறங்கலாம்.